தாய்ப்பாலில் ஓர் ஊரின் நோய்க்காப்பு

ஆடிக் கிருத்திகை நாட்களில் திருத்தணி மலையேறும் காவடிக் கூட்டத்தில், முடிகாணிக்கைக்காகத் தூக்கிவரப்படும் கைக்குழந்தைகள் ஏராளம். திருவள்ளூர், இராணிப்பேட்டை, வேலூர் பக்கத்திலிருந்தும் எல்லைக்கு அப்பாலுள்ள நகரி, புத்தூர், சித்தூர் ஊர்களிலிருந்தும் வந்து சேரும் மக்களோடு அவ்வூர்களின் சளி, இருமல், வயிற்றுப்போக்குக் கிருமிகளும் வந்துவிடுவதால், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை தன் வீட்டில் பல வாரங்களில் சந்திக்கக்கூடிய கிருமிகளை அங்கே ஒரே நாளில் சந்திக்க நேரிடுகிறது. அதன் உடலோ இன்னும் தற்காப்புக்கு முழுமையாகப் பழகியிருப்பதில்லை.

கிருமிகளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களை எதிர்ப்புரதங்கள் என்பர். அவற்றுள் இம்யூனோகுளோபுலின் ஜி என்னும் வகை, கருவுற்ற காலத்தின் இறுதி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியே தாயின் இரத்தத்திலிருந்து சேயின் இரத்தத்துக்குச் செல்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இச்சேமிப்பு குறைவாகவே கிடைக்கிறது. நிறைமாதக் குழந்தைக்கும் அது சில வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்து, ஆறு மாத அளவில் பெரிதும் தீர்ந்துவிடுகிறது. தாய் தந்த அந்த எதிர்ப்புரதம் தடுப்பூசியின் உயிருள்ள கிருமியையும் செயலிழக்கச் செய்துவிடும் என்பதாலேயே, தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை நம் நாட்டில் ஒன்பது மாதம் நிறைந்த பின் போடப்படுகிறது.

இரத்தத்தில் உள்ள இக்காவல் குடலின் உட்பரப்புக்கும் மூச்சுப்பாதைக்கும் போதியதன்று. கிருமிகள் நுழையும் வாயில்களோ அவைதாம். அங்கே காவல் நிற்க வேண்டிய இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் வகையைப் பிறந்த குழந்தையால் தொடக்க வாரங்களில் மிகக் குறைவாகவே உருவாக்க முடியும். இந்தக் குறையைத்தான் தாய்ப்பால் நிரப்புகிறது, அதுவும் வியக்கத்தக்க முறையில். தாய் உண்ணும் உணவோடும் குடிக்கும் நீரோடும் உட்செல்லும் கிருமிகளின் துணுக்குகளை, அவள் குடல் சுவரில் உள்ள பேயர் திட்டுகள் என்னும் நிணநீர்த் திசுக்கள் பிடித்துப் பார்க்கின்றன. அங்கே அக்கிருமியை இனங்காணப் பழகிய வெள்ளணுக்கள் நிணநீர் வழியாக இரத்தத்தை அடைந்து, பாலூட்டும் காலத்து மாற்றங்களால் ஈர்க்கப்பட்டு மார்பகச் சுரப்பிகளில் குடியேறி, அதே கிருமிக்கான எதிர்ப்புரதத்தை அங்கிருந்தபடியே தயாரிக்கின்றன. அப்புரதம் பாலில் கலக்கும்போது, செரிமான நீர்களால் எளிதில் சிதையாதபடி ஒரு காப்புப் புரதமும் அதனோடு பிணைக்கப்படுகிறது. குழந்தையின் வயிற்றை அடைந்ததும் அது பெரும்பாலும் இரத்தத்தில் கலவாமல் குடலின் சளிப்படலத்திலேயே தங்கி, கிருமி குடல் சுவரில் ஒட்டாதபடி சூழ்ந்துகொண்டு, அழற்சியை மூட்டாமலேயே அதை மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது.

எனவே தாய்ப்பாலின் நோய்க்காப்பு, தாய் வாழும் ஊருக்கேற்ப அமைவது. திருத்தணியின் தண்ணீரையும் சந்தைத் தெருவின் தூசியையும் அறிந்த உடலே அவ்வூர்க் குழந்தைக்கு வேண்டிய எதிர்ப்புரதத்தைச் செய்ய வல்லது. பசுவின் பாலில் உள்ள எதிர்ப்புரதங்கள் கன்றின் தேவைக்கானவை. தொலைவில் ஏதோ ஓர் ஆலையில் பதப்படுத்தப்பட்ட பால்மாவில் இத்தகைய உள்ளூர்ப் பாதுகாப்பை எதிர்பார்க்கவே இயலாது.

பிரசவத்தை அடுத்த சில நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் இந்த எதிர்ப்புரதம் பின்னர் வரும் பாலைவிடப் பல மடங்கு செறிந்திருக்கிறது. அளவில் கொஞ்சமே என்றாலும் பிறந்த குழந்தையின் சிறிய வயிற்றுக்கு அதுவே போதும். ஆயினும் ‘பால் இன்னும் இறங்கவில்லை’ என்று சொல்லிச் சேனை தொட்டுவைப்பதும், சர்க்கரைத் தண்ணீரும் தேனும் புகட்டுவதும், தெருவில் விற்றுவரும் கழுதைப்பாலைச் சங்கில் ஊற்றிக் கொடுப்பதும் இன்றும் மறையவில்லை. இவற்றைச் செய்யும் பாட்டிமாரின் அன்பில் ஐயமில்லை. ஆனால் முதல் காப்பு சேர வேண்டிய குடலில் முதலில் கிருமி சேர்வதற்கு இவை வழிவிடுகின்றன. இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில் நடந்தும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 60 விழுக்காடு அளவினரே. அறுவைப் பிரசவங்கள் பெருகியிருப்பதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். மயக்கம் தெளிந்த தாயின் மார்பில் குழந்தையை உடனே சேர்த்து உதவ ஒருவர் அருகில் இருந்தால், அறுவைக்குப் பின்னும் சீம்பாலைத் தவறவிட வேண்டியதில்லை.

எதிர்ப்புரதத்தோடு, இரும்புச் சத்தைப் பற்றிவைத்துக் கிருமிகளுக்குக் கிட்டாமல் செய்யும் லாக்டோஃபெரின், பாக்டீரியாவின் சுவரைத் தகர்க்கும் லைசோசைம், உயிருள்ள வெள்ளணுக்கள் ஆகியனவும் தாய்ப்பாலில் உண்டு. இவற்றினும் புதிரானவை ஒலிகோசாக்கரைடுகள் எனப்படும் சிறு சர்க்கரைத் தொடர்கள். பாலின் திடப்பொருள்களில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்த இடம் இவற்றுக்கே. ஆனால் குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. பிஃபிடோபாக்டீரியம் போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் இவற்றை உண்டு பெருகி, குடலில் அமிலத்தன்மையைக் கூட்டித் தீய நுண்ணுயிர்களை ஒடுக்குகின்றன. எதைத் தாக்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம் கற்பதும் இந்நுண்ணுயிர்களின் துணையோடுதான். ஆயினும் எல்லாம் நன்மை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பச்சிளங் குழந்தைகளிடம் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கு காணப்பட்ட ரோட்டா வைரஸ் வகை ஒன்றின் நோய்க்குறிகளோடு பாலின் குறிப்பிட்ட சில சர்க்கரைத் தொடர்கள் தொடர்புடையனவாக இருந்ததைக் காட்டியது. தாய்ப்பாலின் மதிப்பை இது குறைக்கவில்லை. அதன் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதையே உணர்த்துகிறது.

கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் அதே ரோட்டா வைரஸுக்கான வாய்வழிச் சொட்டுமருந்து, இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் 2016 முதல் சேர்க்கப்பட்டது. இந்தியத் தாய்மாரின் பாலில் அவ்வைரஸுக்கான எதிர்ப்புரதம் மிகுதியாக இருப்பதால் சொட்டுமருந்தின் பயன் குறையுமோ என்ற கேள்வி எழுந்தபோது, தில்லியில் ஆய்வாளர்கள் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மருந்துக்கு முன்னும் பின்னும் அரைமணி நேரம் பாலூட்டலை நிறுத்திப் பார்த்தனர். நிறுத்தியதால் எந்தப் பயனும் விளையவில்லை என்பதே 2014இல் வெளியான முடிவு. ஆதலால் சொட்டுமருந்து போட்ட குழந்தைக்கு எப்போது பால் கொடுக்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. அழும் குழந்தையை அங்கேயே மார்போடு அணைத்துப் பாலூட்டலாம்.

தாய்க்குக் காய்ச்சலோ சளியோ கண்டால் பாலை நிறுத்தச் சொல்லும் வழக்கமும் இதுபோலத் தேவையற்றதே. நோய் வெளிப்படும் முன்பே அதன் கிருமி பெரும்பாலும் குழந்தையை எட்டியிருக்கும். அதற்கெதிரான புரதத்தைத் தாயின் உடல் செய்யத் தொடங்கும் நேரமும் அதுதான். மருத்துவர் குறிப்பாக விலக்கச் சொல்லும் அரிய நோய்களும் மருந்துகளும் நீங்கலாக, சாதாரணச் சளிக்காய்ச்சலின்போது தாய் கைகளைக் கழுவி, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு பால் கொடுத்துவரலாம்.