துஷ்ட ஜந்துக்களால் கடிபட்ட கோழிகளைப் பராமரிக்கும் முறை

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் கிராமங்களில் புழக்கடையில் நாட்டுக்கோழி வளர்க்காத குடித்தனங்கள் சொற்பமே. மானாவாரிப் பயிர் பொய்க்கும் வருஷங்களில் கைச்செலவுக்கு உதவுவது இக்கோழிகளே. அவ்வருமானமும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் சேருவதாகும். நாட்டுப் பெட்டை ஆண்டொன்றுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டைகளே இடுமாயினும், அடைகாத்துக் குஞ்சு பொரித்து வளர்ப்பதில் அதற்கு நிகர் வேறில்லை. ஆகையால் தாய்க்கோழியொன்று கடிபட்டு இறந்தால் நஷ்டமாவது அது மாத்திரமன்று. அதன் இறக்கையின்கீழ் ஒதுங்கும் இளங்குஞ்சுகளும் உடன் நஷ்டமாகின்றன.

இப்பிரதேசத்தில் கோழிக்குச் சத்துருக்கள் பல. பெரம்பலூர், வேப்பந்தட்டைப் பக்கங்களில் மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கும் மாதங்களில், கீரியும் காட்டுப்பூனையும் கொல்லை வரையில் மறைந்துவர ஏதுவாகிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து முந்திரித் தோப்புகளின் புதரும் சருகும் அவற்றிற்கு மறைவிடமாகின்றன. பகலில் வல்லூறும், இரவில் மரநாயும், எவ்வேளையிலும் தெருநாயும் வரும்.

கடிபட்ட கோழியை உடனே அறுத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். ஆயினும் சத்துருவின் வாயினின்றும் உயிரோடு மீண்ட கோழிகளுள் பல, கடித்த காயத்தால் மாத்திரம் இறப்பதில்லை. முதல் இரவில் அதிர்ச்சியாலும் குளிராலும், அடுத்த இரண்டு மூன்று நாட்களில் சீழாலும் புழுவாலுமே இறக்கின்றன. இவை வீட்டாரின் கவனத்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை.

முதற்கண் மனிதர் தம்மைக் காத்துக்கொள்ளல்

நாய், பூனை, கீரி முதலியவற்றின் வாயினின்றும் கோழியைப் பிடுங்கும்போது கையில் கடியோ கீறலோ பட்டால், அவ்விடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கோழியைக் கவனித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாமதிப்பது பிராணாபாயமாகும்.

முதல் ஒரு மணி நேரம்

ஒன்றரைக் கிலோ எடையுள்ள பெட்டையின் உடம்பில் இரத்தம் ஏறக்குறைய 100 மில்லிலிட்டரே உண்டு. ஆகையால் சிறு கசிவையும் அலட்சியம் செய்யலாகாது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, 5 முதல் 10 நிமிஷம் வரை விடாது அழுத்துதல் வேண்டும். இடையிடையே துணியை எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் மீண்டும் உடையும். கோழியைப் பிடிக்கும்போது மார்பை இறுக்கலாகாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அது மூச்சுவிட இயலும்.

பின்பு கோழியை வைக்கோல் பரப்பிய பெட்டியிலாவது, சாக்கு மூடிய பஞ்சாரத்திலாவது வைத்து, இருளும் அமைதியுமான இடத்தில் விடவேண்டும். கோழியின் தேகச் சூடு இயல்பில் 41 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டது. இரத்தம் இழந்தால் அது விரைவில் குளிர்ந்துவிடும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மாத்திரம் வைத்தால், சூடு அதிகமாயின் கோழி தானே விலகிக்கொள்ளும். சிறிது வெல்லம் கரைத்த நீரை அருகில் வைக்கலாம். அலகைத் திறந்து ஊற்றலாகாது. மூச்சுக்குழாயின் வாய் நாவின் பின்புறம் இருப்பதால், ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் சென்று கோழி இறக்க நேரும்.

காயத்தைச் சுத்தம் செய்தல்

கோழி சற்றுத் தேறியபின் உடம்பு முழுவதையும் பரிசோதிக்க வேண்டும். பூனை, கீரி இவற்றின் பல் பட்ட இடம் ஊசித்துளை போலவே தோன்றும், உள்ளே ஆழமாயிருக்கும். கழுத்து, முதுகு, இறக்கையின் அடி, ஆசனவாய்ப் பக்கம் ஆகிய இடங்களில் இறகை விலக்கிப் பார்க்கவேண்டும். காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரியால் நறுக்க வேண்டுமேயன்றிப் பிடுங்கலாகாது. பிடுங்கினால் மெல்லிய தோல் கிழியும்.

காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அந்நீரால் காயத்தை நன்றாகக் கழுவவேண்டும். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடின் மருந்தை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீர் கலந்து தடவலாம். ஈக்கள் அண்டாதிருக்கக் காயத்தின் ஓரங்களில் வேப்பெண்ணெய் பூசலாம். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பினாயில், அடுப்புச் சாம்பல் ஆகியவை ஆறவேண்டிய சதையையே கெடுக்குமாதலால் அவற்றை விலக்கவேண்டும்.

ஆழமான பற்காயத்தை வீட்டில் தைப்பதும், இறுக்கிக் கட்டுவதும் கூடா. பூனையின் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டுரெல்லா என்னும் கிருமி, கோழிகளுக்குக் காலரா நோயை உண்டாக்கும் இனத்தைச் சேர்ந்தது. துளையை மூடினால் அக்கிருமி உள்ளேயே பெருகி இரத்தத்தில் கலக்கும். ஆகையால் பூனை கடித்த கோழிக்கு, காயம் எவ்வளவு சிறிதாயினும், மிருக வைத்தியரிடம் அன்றே மருந்து பெறவேண்டும். ஈ முட்டையிட்டால் ஒரு நாளைக்குள் புழு தோன்றக்கூடுமாதலால், காலை மாலை இருவேளையும் காயத்தைப் பார்த்தல் அவசியம்.

மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டியவை

தீனிப்பை கிழிந்து இரையும் நீரும் வெளியே ஒழுகுதல், குடல் வெளிப்படுதல், கால் அல்லது இறக்கை முறிதல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், காயத்தில் புழு காணுதல், ஒரு நாள் கடந்தும் எழுந்து நில்லாமை ஆகியவை வீட்டுச் சிகிச்சைக்கு அடங்கா. வெளிப்பட்ட குடலை உள்ளே தள்ளாமல், உப்புநீரில் நனைத்த துணியால் மூடிக் கொண்டுசெல்லவேண்டும். 1962 என்னும் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் குறித்து விசாரிக்கலாம். முதுகெலும்பு முறிந்து பிழைக்க வழியில்லாத கோழியை வருத்தாமல் விரைவில் முடித்துவிடுவதே கருணை. வைத்தியர் கொடுத்த மருந்து தீர்ந்தபின் எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் விலக்கவேண்டும் என்பதை அவரிடமே கேட்டு அதன்படி நடக்கவேண்டும்.

கோழிகள் சிவப்பு நிறத்தைக் கண்டால் கொத்தும் சுபாவமுள்ளவை. எனவே காயம் உலர்ந்து புதுத்தோல் மூடும்வரை கடிபட்டதைத் தனியே வைக்கவேண்டும். ஆயினும் பஞ்சாரத்தினுள் வைத்து மற்றவற்றின் கண்ணுக்குத் தெரியும்படி விட்டால், மீண்டும் கூட்டத்தில் சேரும்போது சண்டை குறையும். முட்டையிடுதல் சில வாரங்கள் நின்றுபோகலாம். அதற்காகக் கோழியைக் கழித்துவிட வேண்டியதில்லை.

மறுபடி நேராமல் காத்தல்

ஒருமுறை இரை கண்ட ஜந்து அதே இடத்திற்கு மீண்டும் வரும். ஆகவே கடிபட்ட அன்றே கூட்டைச் செப்பனிட வேண்டும். அந்தி சாயுமுன் கோழிகளை அடைத்துக் கதவைத் தாழிடுவதும், அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடிப்பதும், வலையை ஓரடி ஆழம் மண்ணில் புதைப்பதும் தக்க காவலாகும். கீரி, காட்டுப்பூனை முதலியவை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. அவற்றிற்கு விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் குற்றமாகும். கீரி வயலில் எலியைத் தின்று குடியானவருக்கு உதவுவதும் உண்டு.

தெருநாய்களைப் பொறுத்தவரை கிராம அதிகாரிகளின் பொறுப்பு அதிகம். இறைச்சிக் கடைக் கழிவை ஊரோரத்தில் கொட்டவிடாமல் தடுத்தாலே நாய்க்கூட்டம் குறையும். 2023-ஆம் வருஷத்து விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, நாய்களுக்குக் கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போடுவதில் ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கடமையுண்டு. கோழி வளர்ப்பைப் பற்றி மேலும் அறிய விரும்புவோர் வாலிகண்டபுரம், சோழமாதேவி ஆகிய ஊர்களிலுள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம்.

சுத்தமான துணி, உப்பு, அயோடின் மருந்து, பழைய பெட்டி இவை நான்கும் ஒவ்வொரு வீட்டிலும் முன்னரே தயாராயிருத்தல் நலம். கடிபட்ட பின் தேடி அலையும் நேரத்திலேதான் பல கோழிகள் இறக்கின்றன.