அடுத்த ராஜா யார்? கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்போம்!

உங்கள் சமூக அறிவியல் புத்தகத்தில் 'முதலாம் ராஜராஜன், 985 – 1014' என்று அச்சாகியிருக்கும். அதைப் படித்து, பரீட்சையிலும் எழுதிவிட்டு வந்திருப்பீர்கள். ஆனால் ஒரு சங்கதி தெரியுமா? ராஜராஜன் காலத்துச் சிற்பி யாரும் கல்லில் '985' என்று வெட்டவில்லை. நாம் இன்றைக்கு எழுதுகிற ஆண்டுக் கணக்கே அப்போது இங்கே புழக்கத்தில் இல்லை. பிறகு அந்த எண் எங்கிருந்து வந்தது?

கணக்குப் போட்டு வந்தது. எந்த ராஜாவுக்குப் பிறகு எந்த ராஜா, யார் எத்தனை வருஷம் ஆண்டார்கள் என்பதெல்லாம் துப்பறிந்து கண்டுபிடித்தவை. எப்படி என்று பார்க்கலாம், வாருங்கள்.

வெறும் 15 போதாது

அவிநாசி கோயிலிலும், ஊத்துக்குளி சாலையில் சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீஸ்வரர் கோயிலிலும் கல்வெட்டுகள் இருக்கின்றன. விளக்கு எரிக்க ஒருவர் காசு கொடுத்தார், நிலம் கொடுத்தார் என்பது போன்ற செய்திகள்தான் கல்வெட்டுகளில் பெரும்பாலும் இருக்கும். தொடக்கத்தில் ராஜாவின் பெயரும், 'அவருக்கு யாண்டு 15' என்பது போல ஓர் எண்ணும் வரும். அந்த ராஜா பட்டத்துக்கு வந்த பதினைந்தாம் வருஷம் என்று அர்த்தம். இதை ஆட்சியாண்டு என்பார்கள்.

பனியன் கம்பெனி குடோனில் சாயம் போட்டு வந்த துணி ரோலைப் பார்த்திருப்பீர்கள். சீட்டில் 'லாட் 15' என்று மட்டும் இருந்தால் போதுமா? எந்தப் பட்டறையின் லாட், எந்த வருஷத்து லாட் என்று தெரியாமல் யாரும் கட்டிங்குக்கு எடுக்க மாட்டார்கள். ஆட்சியாண்டும் அப்படித்தான். ராஜா பட்டமேறிய வருஷம் தெரியாவிட்டால் அந்த 15-ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

முதல் தடயம்: எழுத்து

முதல் வேலை கல்வெட்டைப் படி எடுப்பது. கல்லைத் தூரிகையாலும் தண்ணீராலும் சுத்தம் செய்வார்கள். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மேலே மை ஒற்றுவார்கள். பள்ளத்தில் மை படாது; ஆகவே கறுப்புத் தாளில் எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். இதற்கு மைப்படி என்று பெயர். நம் பகுதியில் இந்த வேலை ஒழுங்காகத் தொடங்கியது 1886-இல். அப்போதைய சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டு ஆய்வாளராக ஹுல்ஷ் என்ற ஜெர்மானியரை நியமித்தார்கள்.

தமிழ் எழுத்தின் வடிவம் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. கொங்கில் பழைய கல்வெட்டுகள் சில வட்டெழுத்தில் இருக்கின்றன. பிந்தியவை தமிழ் எழுத்தில் இருக்கின்றன. பழகிய கண் எழுத்தைப் பார்த்ததும் 'இது ஏறக்குறைய இந்த நூற்றாண்டு' என்று சொல்லிவிடும். ஆனால் அதற்குமேல் துல்லியமாகச் சொல்ல எழுத்து மட்டும் உதவாது.

இரண்டாம் தடயம்: பட்டம்

சோழ ராஜாக்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் ராஜகேசரி என்றால் அடுத்தவர் பரகேசரி. அதற்கடுத்தவர் மறுபடி ராஜகேசரி. ராஜராஜன் ராஜகேசரி. மகன் ராஜேந்திரன் பரகேசரி. பேரன் ராஜாதிராஜன் ராஜகேசரி. கல்லில் பெயர் உடைந்துபோய்ப் பட்டம் மட்டும் மிஞ்சியிருந்தால்கூட, 'இவர் இன்னாராக இருக்க முடியாது' என்று பாதிப் பேரை ஒதுக்கிவிடலாம்.

மூன்றாம் தடயம்: நிலா

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த தடயம். பல கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு மாதம், பிறை, திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் எழுதியிருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நிலா வானத்தில் எங்கே நின்றது என்பதற்கு அது சாட்சி.

நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 27.3 நாள் ஆகும். அந்தப் பாதையை 27 பங்காகப் பிரித்து அசுவினி, பரணி என்று பெயர் வைத்தார்கள். அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே ஏறக்குறைய 29.5 நாள், அதை 30 திதியாகப் பிரித்தார்கள். கிழமைகள் ஏழு என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு கல்லில் 'தை மாதம், வளர்பிறை பஞ்சமி, புதன்கிழமை, உத்திரட்டாதி' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தை மாதத்து வளர்பிறை பஞ்சமி வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு தடவை வரும். அது புதன்கிழமையில் விழுவது சராசரியாக ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை. நூறு வருஷத்தில் பதினான்கு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உத்திரட்டாதியும் சேர வேண்டும் என்றால் நாலைந்து நாள்தான் மிஞ்சும்.

நாலைந்தில் எது? அதே ராஜாவின் இன்னொரு கல்வெட்டைத் தேட வேண்டும். முதல் கல் ஐந்தாம் ஆட்சியாண்டு, இரண்டாவது பன்னிரண்டாம் ஆட்சியாண்டு என்றால் இரண்டுக்கும் இடைவெளி ஏழு வருஷம்தான் இருக்க வேண்டும். அப்படிப் பொருந்தும் ஜோடியைப் பிடித்துவிட்டால் பட்டமேறிய வருஷம் கிடைத்துவிடும். கீல்ஹார்ன் என்ற ஜெர்மன் அறிஞர் இப்படிக் கணக்கிட்டுத்தான் ராஜராஜன் 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையே பட்டத்துக்கு வந்தான் என்று சொன்னார். நம் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை, கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் தரும் அட்டவணைகளைத் தயாரித்து 1922-இல் வெளியிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக் கணக்கு அது!

கல் வெட்டியவர் கிழமையைத் தப்பாக வெட்டியிருந்தால்? எந்த வருஷத்தோடும் பொருந்தாது. அப்படியும் சில கல்வெட்டுகள் உண்டு. அதனால்தான் ஒரே கல்லை நம்பி முடிவு சொல்வதில்லை.

கூட்டினால் தப்பு

ராஜேந்திரனின் கல்வெட்டுகள் 33-ஆம் ஆட்சியாண்டு வரை கிடைக்கின்றன. அடுத்து வந்த ராஜாதிராஜனுக்கு 36 வரை. அப்படியானால் இருவரும் சேர்ந்து 69 வருஷம் ஆண்டார்களா? இல்லை. ராஜேந்திரனின் கணக்கு 1012-இல் தொடங்குகிறது. ராஜாதிராஜன் இறந்தது 1054-இல். மொத்தம் 42 வருஷம்தான். மிச்சம் 27 எங்கே போயிற்று?

அப்பா உயிரோடிருக்கும்போதே 1018-இல் மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்தே மகனின் ஆட்சியாண்டையும் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு கணக்கும் ஒரே சமயத்தில் ஓடியிருக்கின்றன. ராஜராஜன் 1014 வரை ஆண்டிருக்க, ராஜேந்திரனின் கணக்கு 1012-லேயே தொடங்கியதும் இப்படித்தான்.

மகனா, தம்பியா, பேரனா?

அப்பாவுக்குப் பிறகு மகன் என்பதும் எப்போதும் நடக்கவில்லை. 1054-இல் கொப்பம் போரில் ராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடி உயிரை விட்டான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடி சூடிக்கொண்டு போரை ஜெயித்தான். அவனுக்குப் பின் 1063-இல் இன்னொரு தம்பி வீரராஜேந்திரன் வந்தான். 1070-இல் வந்த முதலாம் குலோத்துங்கனோ முதலாம் ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன். அவன் அப்பா வேங்கி நாட்டு அரசன்.

கடல் கடந்து அயர்லாந்துக்குப் போனால் வழக்கமே வேறு. அங்கே ஒரே கொள்ளுத் தாத்தாவின் வழியில் வந்த ஆண்கள் எல்லோருக்கும் பட்டத்தில் பாத்தியதை உண்டு. 8-ஆம் நூற்றாண்டிலிருந்து 10-ஆம் நூற்றாண்டு வரை ஈ நேல் என்ற அரச குலத்தில் வடக்குக் கிளையும் தெற்குக் கிளையும் பெரும்பாலும் மாறி மாறிப் பெரிய ராஜா ஆயின. அங்கத்துத் துறவிகள் வருஷ வாரியாகக் குறிப்பேடு எழுதினார்கள். 664 மே 1-இல் பகல் இருண்டுபோனது என்று அதில் ஒரு குறிப்பு. அன்றைக்குச் சூரிய கிரகணம் இருந்ததை வானியல் கணக்கும் சொல்கிறது. இங்கே நிலா, அங்கே கிரகணம். சாட்சி சொல்ல வந்தது வானம்தான்.

நொய்யலோரத் தடயம்

நம் நொய்யல் காவிரியில் கலக்கும் இடத்துக்குக் கிழக்கே, கரூர் மாவட்டத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலை இருக்கிறது. அங்கே சமணத் துறவி தங்கிய குகையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேர அரசர்களை வரிசையாகச் சொல்கிறது. பேரன் இளவரசன் ஆனபோது வெட்டிக் கொடுத்த கல் அது. வாசித்து விளக்கியவர் ஐராவதம் மகாதேவன். இப்படி வரிசை நேராகவே கிடைப்பது அபூர்வம்.

கொங்குச் சோழர் கதை இதற்கு நேர்மாறு. தஞ்சைச் சோழரைப் போலவே இவர்களும் குலோத்துங்கன், விக்கிரமன், வீரராஜேந்திரன் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கொங்குக் கோயில் ஒன்றில் 'வீரராஜேந்திரனுக்கு யாண்டு 20' என்று இருந்தால் எந்த வீரராஜேந்திரன்? யோசியுங்கள். சோழப் பேரரசின் வீரராஜேந்திரன் 1070-இல் இறந்துவிட்டான். ஏழு வருஷம்தான் ஆட்சி. 20-ஆம் ஆண்டு அவனுக்குக் கிடையவே கிடையாது. 13-ஆம் நூற்றாண்டில் நாற்பது வருஷத்துக்குமேல் ஆண்ட கொங்குச் சோழன் வீரராஜேந்திரனாகத்தான் இருக்க வேண்டும். துப்புத் துலங்கியதா?

செய்து பாருங்கள்

பத்து ரூபாய் நாணயத்தின்மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பென்சில் முனையைச் சாய்த்து லேசாகத் தேயுங்கள். வருஷமும் எழுத்தும் தாளில் வந்துவிடும். கல்வெட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். எண்ணெய், மஞ்சள், பெயின்ட் எதையும் பூசவும் கூடாது. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ததால் பல கோயில்களில் எழுத்தே அழிந்துபோயிருக்கிறது. போன எழுத்து திரும்பாது.

ஒரு புதிர்

ராஜேந்திரனின் முதல் ஆட்சியாண்டு 1012; ராஜாதிராஜனின் முதல் ஆட்சியாண்டு 1018. ஒரு கல்லில் 'ராஜேந்திரனுக்கு யாண்டு 33', இன்னொரு கல்லில் 'ராஜாதிராஜனுக்கு யாண்டு 27'. எந்தக் கல் முந்தியது?

விடை: 1012 + 32 = 1044. 1018 + 26 = 1044. இரண்டும் ஏறக்குறைய ஒரே வருஷம்! 33, 27 என்று நேரடியாகக் கூட்டியவர்கள் மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள்: முதல் வருஷமே 'யாண்டு 1' ஆகிவிடுவதால் எப்போதும் ஒன்றைக் கழிக்க வேண்டும்.