தாளில் எவ்வளவு இசை?

திருமலையில் கிடைத்த அன்னமாச்சார்யர் செப்பேடுகளில் பாட்டு உண்டு, ராகத்தின் பெயர் உண்டு. சுரம் மட்டும் இல்லை. அதனால்தான் 20-ஆம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் புதிதாக மெட்டமைக்க நேர்ந்தது. அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் நடந்தது நேர்மாறு. 1919 பிப்ரவரியில் அங்கே தங்கிய தாகூர் 'ஜன கண மன' பாட, அயர்லாந்தில் இசைப் பட்டம் பெற்ற மார்கரெட் கசின்ஸ் மேற்கத்திய முறையில் சுரம் எழுதி வைத்தார்.

பியானோ மாணவரின் சிக்கல் வேறு. தாளில் தேவைக்கு மேலேயே இருக்கிறது! பாக் தம் கைப்பிரதிகளில் வேகம், அழுத்தம் பற்றி அநேகமாக எதுவும் குறிக்கவில்லை. 1830-களில் செர்னி போட்ட பதிப்பிலோ இரண்டும் பக்கம் நிறைய. அவை செர்னியின் ரசனை. மாணவரோ பாக்கின் கட்டளை என்றே வாசிக்கிறார். மூலமும் உரையும் ஒரே எழுத்தில் அச்சான சங்க நூல் மாதிரிதான்.

தொடக்க மாணவருக்கு விரல் எண்கள் போட்ட பாடப்புத்தகம் போதும். தேறியவர்கள் 'உர்டெக்ஸ்ட்' எனும் மூலபாடப் பதிப்புக்கு மாறுவது நல்லது. 1948-இல் தொடங்கிய ஜெர்மனியின் ஹென்லே நிறுவனம் இதில் பேர்போனது. விலைதான் கையைக் கடிக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் காப்புரிமை தீர்ந்த பழம்பதிப்புகள். இறக்குமுன் பதிப்பாசிரியர் பெயரைப் பாருங்கள். எல்லோரும் முதலில் பழகும் ஜி மேஜர் மினுவெட் பாக்குடையது அல்ல, கிறிஸ்டியன் பெட்சோல்ட் எழுதியது. பழைய புத்தகங்களில் இன்னும் பாக் பெயர்தான்.