புது வீட்டுக்கு வந்த பட்ஜி பயப்படுகிறதா?

கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் சின்னக் கிளியின் பெயர் பட்ஜி. ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் பெருங்கூட்டமாக வாழும் பறவை இது. 1840இல் ஜோன் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் இதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகுதான் வீடுகளில் வளர்க்கும் வழக்கம் பரவியது.

யட்டவத்தவில் எங்கள் வீட்டுக்கு என் மகளுக்காக ஒரு பச்சைப் பட்ஜி வந்தது. முதல் நாள் அது இறகுகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. தீனியைத் தொடவில்லை. முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள பறவை நீண்ட நேரம் பட்டினி தாங்காது. ஆகவே பயத்தைத் தெளிய வைப்பது உயிர் காக்கும் வேலை.

கூட்டை எங்கே வைப்பது?

நம் கண் மட்ட உயரத்தில், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியபடி வையுங்கள். நான்கு பக்கமும் திறந்திருந்தால் ஒளிய இடமில்லை என்று பறவை மிரளும். குசினி வேண்டாம். ஒட்டாத பூச்சுள்ள சட்டி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும். நுளம்புச் சுருள் புகையும் கூடாது. பூனையும் காகமும் நெருங்காத இடமாகவும் இருக்கட்டும்.

முதல் மூன்று நாள்

கையை உள்ளே விடாதீர்கள். தீனியும் தண்ணீரும் மாற்றும்போது மட்டும், மெதுவாகப் பேசிக்கொண்டே போங்கள். மேலிருந்து கை வந்தால் பருந்து பாய்வதுபோல அதற்குத் தோன்றும், பக்கவாட்டில் கொண்டுபோங்கள். நாங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவினோம், பாடம் படித்தோம். மூன்றாம் நாள் அது தினை கொறித்தது.

தீனிக் கிண்ணம் நிறைந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே கிடப்பது வெறும் உமியாக இருக்கலாம், தினமும் ஊதிவிடுங்கள். எச்சம் விழுகிறதா என்றும் பாருங்கள். தினை, சாமை, கழுவிய கங்குன் கீரை நல்லவை. எங்கள் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும் ஆனைக்கொய்யா (அவகாடோ) பட்ஜிக்கு நஞ்சு. சொக்லேட்டும் அப்படியே.

இரவுப் பயம்

இருட்டில் பட்ஜிக்குப் பார்வை குறைவு. திடீர்ச் சத்தம் கேட்டால் கம்பியில் மோதிக் காயப்படும். ஒரு கல்யாண வீட்டு வெடிக்கு எங்கள் பட்ஜி அப்படித்தான் அடித்துக்கொண்டது. வெடிச்சத்தத்துக்குத் திடுக்கிடுவது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பழக்கம்தான். அதனால் அதைப் பிடிக்க ஒருவரும் ஓடவில்லை. சின்ன விளக்கைப் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், அடங்கியது. அன்றிலிருந்து மூன்று பக்கம் மெல்லிய துணி போட்டு, மங்கிய வெளிச்சம் விடுகிறோம்.

பழகியதற்கு அடையாளம்

அலகால் இறகு கோதும், ஒற்றைக் காலில் நின்று தூங்கும், காலையில் கீச்சிடும். அதன்பின் தினைக்கதிரைக் கையில் பிடித்துக் காட்டுங்கள். வாங்க வருவதும் வராததும் அதன் விருப்பம். எங்கள் பட்ஜி கைக்கு வர ஐந்து வாரம் எடுத்தது. சிலதுக்கு மாதங்களும் ஆகும்.

ஆனால், நாள் முழுவதும் உப்பியபடி கூட்டின் அடியில் இருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ அது பயமல்ல, நோய். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எச்சத்தை நனைத்துவிட்டுத் துடையுங்கள். பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.