தாடைக்கு ஏன் கால் எலும்பு?

வாய்ப்புற்றுநோய்க்காகக் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை அகற்றிய பிறகு, அந்த இடத்தைக் கால் எலும்பால் நிரப்புவது முதலில் விபரீதமாகத் தோன்றும். டைட்டானியம் தகடு போதாதா? தகடு மட்டும் இருந்தால், மெல்லும் விசையில் நாளடைவில் முறியலாம். கதிர்வீச்சால் மெலிந்த தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரியலாம். அங்கே வேண்டியது உயிருள்ள எலும்பு. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள ஃபிபுலாவில் 25 செ.மீ. வரை எடுக்க முடியும். அதற்கு ரத்தம் ஊட்டும் பெரோனியல் தமனியும் சிரைகளும், வாயின் உட்பரப்பை மூடத் தோலும் கூடவே வருகின்றன. எலும்பின் உறை கெடாமல் ஆப்பு வடிவில் வெட்டி, தாடையின் வளைவுக்கு மடக்கி, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்களை நுண்ணோக்கியின் உதவியால் கழுத்துக் குழாய்களோடு தைக்கிறார்கள். அறுவை மருத்துவர் இயன் டெய்லர் 1975-இல் காலெலும்புக் குறையைச் சரிசெய்யப் பயன்படுத்திக் காட்டிய ஃபிபுலாவை, தாடையாக வடிக்கும் முறையை 1989-இல் வெளியிட்டவர் டேவிட் ஹிடால்கோ.

நடை கெட்டுவிடாதா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் உடல் எடையின் பெரும்பங்கைத் தாங்குவது பக்கத்திலுள்ள டிபியா. கணுக்காலுக்கு உறுதி தருவது ஃபிபுலாவின் கீழ்முனை. அதில் 6 முதல் 8 செ.மீ. வரை விட்டுவைப்பார்கள். கணுக்கால் வலி, கால் பெருவிரலை மடக்கும் பலம் குறைவது ஆகியவை சிலருக்கு நேரும், அதை மறைக்கக்கூடாது. சிலருக்குப் பாதத்தின் ரத்த ஓட்டமே பெரோனியல் தமனியை நம்பியிருக்கும். அவர்களிடமிருந்து இந்த எலும்பை எடுக்கக்கூடாது. அறுவைக்கு முன்பே காலின் ரத்தக்குழாய்களைப் பரிசோதித்துவிட்டார்களா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.