லயமும் சொந்த வீடும்

மூணாற்றின் தேயிலைச் சரிவுகளுக்கு இடையே நீண்ட வரிசை வீடுகள் பல உள்ளன. தோட்டத்து மக்கள் இவற்றை லயம் என்பர். ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள் வாழும். பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதித் தோட்டங்களிலும் இத்தகைய வீடுகள் உண்டு. இளவயதில் கொழுந்து பறிக்கத் தொடங்கும் பெண், தம் பிள்ளைகளை இவ்வீட்டிலேயே வளர்த்து ஆளாக்குகிறார். ஆயினும் அது அவருக்குச் சொந்தமான வீடு அன்று.

1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் தங்கிப் பணிபுரிவோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் வீடு அளிப்பதை முதலாளியின் கடமையாக்கியது. இது நல்ல சட்டமே. ஆனால் வீட்டை அது வேலையோடு பிணைத்துவிட்டது. வேலை முடியும் நாளில் வீட்டின்மேல் உள்ள உரிமையும் முடிகிறது. நகரத்து அலுவலர் ஓய்வு பெறும்போது எங்கே வாழலாம் என்று எண்ணிப் பார்க்கிறார். தோட்டத் தொழிலாளியோ எங்கே வாழ முடியும் என்று கேட்க வேண்டியவராகிறார்.

இம்மக்களின் முன்னோர் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து வந்தவர்கள். 1877 இல் கண்ணன் தேவன் மலைகள் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து குத்தகைக்குப் பெறப்பட்டன. அதன்பின் தோட்டங்கள் பெருகின; கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். சில தலைமுறைகள் கடந்தும் பல குடும்பங்கள் தமிழ்நாட்டில் உள்ள பூர்வீக ஊரைச் ‘சொந்த ஊர்’ என்றே சொல்கின்றன. அங்கே அவர்களுக்கு உறவினர் இருப்பர். குலதெய்வக் கோயில் இருக்கும். நிலம் இருப்பது அரிது.

ஓய்வு பெற்றவர் மலையிலேயே இருக்க ஒரு வழி உண்டு. மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால், குடும்பம் லயத்தில் தொடர்ந்து வாழலாம். இதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கல்லூரியில் படித்த மகள் கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ வேலை தேட விரும்பலாம். அவள் கொழுந்துக் கூடையை எடுத்தால் பெற்றோருக்கு வீடு நிலைக்கும். எடுக்காவிட்டால் வீடு போகும். பெற்றோரின் முதுமைக்கு உரிய முடிவு இருபது வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றப்படுவது முறையன்று. எனினும் பல வீடுகளில் அது பேச்சின்றியே ஏற்றப்பட்டுவிடுகிறது.

அருகிலேயே மனை வாங்குவதும் எளிதன்று. கண்ணன் தேவன் மலை நிலத்தின் பெரும்பகுதி தோட்டங்களின் வசமோ அரசின் வசமோ உள்ளது. பட்டா உள்ள சில சென்ட் நிலத்துக்குச் சுற்றுலாத் தொழில் ஏற்றிவிட்ட விலை, கூலியாளின் கைக்கு எட்டாது.

கையில் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டால் நிலைமை தெளிவாகும். நீண்டகாலப் பணிக்காகத் தரப்படும் தொகை பணிக்கொடை. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி கிடைக்கும். 35 ஆண்டு உழைத்தவருக்கு 525 நாள் கூலி. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டு போராடினர். அதன்பின் 232 ரூபாயாக இருந்த தேயிலைத் தோட்ட நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. அவ்வுயர்ந்த கூலியில் கணக்கிட்டாலும் பணிக்கொடை 1,58,025 ரூபாய்தான். இதனுடன் வருங்கால வைப்பு நிதி சேரும். 1995 ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி 58 வயதில் ஓய்வூதியமும் உண்டு. அதன் குறைந்த அளவு 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். மகளின் திருமணக் கடனோ மருத்துவச் செலவோ குறுக்கிட்டால், வீட்டுக்கென்று மிஞ்சுவது சொற்பமே.

ஆகவே பலர் போடிமெட்டு வழியாகக் கீழே இறங்குகின்றனர். போடிநாயக்கனூர், தேனி, கம்பம் ஆகிய ஊர்கள் மலைக்கு அருகில் உள்ளன; மலையில் தங்கிவிட்ட பிள்ளைகளைப் பேருந்தேறிச் சென்று பார்த்து வரலாம். மறையூர்ப் பக்கத்தார்க்குச் சின்னாறு வழியே உடுமலைப்பேட்டை அருகு. குளிரில் பழகிய உடலுக்குச் சமவெளியின் சித்திரை வெயில் கடுமையாகத் தோன்றும். அதைவிடக் கடுமையானது வேலைச் சூழல் இல்லாத தனிமை. லயத்தில் சுவருக்கு அப்பால் எப்போதும் ஒரு குரல் இருந்தது.

முன்கூட்டியே ஆயத்தம் செய்வோரும் உள்ளனர். ஓய்வுக்குப் பல ஆண்டுகள் முன்பே சீட்டுப் பணத்தில் சமவெளியில் இரண்டு மூன்று சென்ட் வாங்கி, ஓர் அறை மட்டும் கட்டி, வாடகைக்கு விட்டு, அவ்வாடகையில் அடுத்த அறையை எழுப்புவர். மாநில எல்லையைக் கடப்பதால் குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் நீக்கியதற்கான சான்றைக் கேரளத்திலேயே பெற்றுக்கொண்டு இறங்குவது நல்லது. அதனை மறந்தவர்கள் ஒரு தாளுக்காக மீண்டும் மலையேற நேரிடுகிறது.