மருத்துவத் தொழிலும் பொருள்நூற் கல்வியும்

நோய் தீர்க்கும் தொழிலில் அமர்ந்தோர்க்குப் பொருள்நூற் பயிற்சி எற்றுக்கு என்று நண்பர் ஒருவர் எம்மை வினவினார். எம் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் அதற்கு விடை கூற ஈண்டு முயல்கின்றோம்.

பிணியாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்கள் வகுத்தார் வள்ளுவர். அந்நான்கும் ஒருங்கு கூடுதற்குப் பொருள் வேண்டும், பொருளோ அளவுடையது. ஒருவர்க்குச் செலவிட்ட பணம் மற்றொருவர்க்கு உதவாது. இங்ஙனம் கைவிட நேர்ந்த நன்மையையே உண்மையான விலையெனக் கொண்டு ஆராய்வது சுகாதாரப் பொருளியல். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கென்னத் ஆரோ வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடிகோலியது என்பர். நோய் எப்பொழுது வருமென்பதும் சிகிச்சை பலிக்குமோ என்பதும் முன்னரே அறியப்படாமையின், மருத்துவம் ஏனைச் சந்தைச் சரக்கைப் போன்றதன்று என அவர் காட்டினார்.

இங்கிலாந்தில் 1948-ல் தேசிய சுகாதார சேவை தோன்றிற்று. ஆங்கு 1999-ல் நிறுவப்பெற்ற நைஸ் என்னும் நிலையம், புது மருந்துகள் செலவிற்கேற்ற பயன் தருமோ என்று ஆராய்ந்து உரைக்கின்றது. அதன் அளவுகோலை நலநிறை ஆண்டு எனலாம். முழு நலத்தோடு வாழும் ஓராண்டு 1 எனின், பாதி நலத்தோடு வாழும் ஈராண்டும் 1 ஆகும். ஒரு மருந்து 10,000 பவுன் மிகுதியாகச் செலவு வைத்து அரை நலநிறை ஆண்டினைத் தருமாயின், ஓராண்டின் விலை 20,000 பவுன்.

பாதி நலம் என்பது ஏட்டில் ஓர் எண். நோயாளர் கட்டிலருகே நாளும் நிற்கும் செவிலியர்க்கோ அஃது ஏறமுடியாத படியும் உறக்கமற்ற இரவுமாகும். ஆதலின் அன்னோர் உத்தியோகத்தை விடாது பகுதி நேரத்திற் கற்பது அவர்க்கும் நூலுக்கும் நன்றாம். 1983-ல் சுகாதாரப் பொருளியல் நிலையம் கண்ட யார்க் சர்வகலாசாலை, இத்தொழிலினர் தத்தம் ஊரிலிருந்தே கற்கும் வகுப்புக்களையும் நடத்தியுள்ளது. பகலெல்லாம் உழைத்தவர் இரவில் புள்ளியியலோடு போராடுதல் எளிதன்று. அவர் இழக்கும் உறக்கமும் மக்களோடு அளவளாவும் பொழுதும் அந்நூல் கூறும் கைவிட்ட நன்மைகளே.

உயிர்க்கு விலை கூறல் கொடிதன்றோ எனின், கணக்கிடாது விடினும் பங்கீடு நிகழ்ந்தே தீரும். அப்பொழுது உரக்கக் கேட்போர் பெறுவர். வாயிலில் வாளா நிற்போர் இழப்பர். எண் ஒன்றே நீதியன்று என்பதையும் யாம் மறுக்கிலேம். எனினும், கண்முன் கிடக்கும் நோயாளனுக்குக் கடமைப்பட்டோர், கண்காணாத நோயாளனையும் ஒருகணம் நினைக்குமாறு செய்வது இக்கல்வி. அது சிறு பயனன்று.